ஆட்ட விதி மாற்றமும் பார்ப்போர் மனமும்

(சங்க ஆண்டு விழாவின் காலை அமர்வில் ஆற்றிய உரை)



நாம் கற்றறிந்த புலவரல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராகப் பணியேற்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயணச்சீட்டுச் சாளரத்திற்குப் பின்னே அமர்ந்திருக்கின்றோம். இலக்கியம் பேசத் தகுதி மிக்கோர் பலர் இவ்வவையில் இருக்க, செயலாளர் நம்மை அழைத்த காரணம் வேறு. சென்ற ஆண்டு விழாவில் சிறுவர் சடுகுடுப் போட்டிக்கு நடுவராக நின்று ஊதல் ஊதியவர் நாமே. அந்த ஊதலால் எழுந்த வழக்கு நம் ஜீவனஹள்ளிக் காலனியில் இன்னும் ஓயவில்லை. அதைப் பற்றி நீங்களே பேசிவிடுங்கள் என்றார் செயலாளர். நாமும் இசைந்தோம். வழக்கு இன்னதென்று இறுதியில் சொல்வோம். அதற்கு முன், ஆட்டங்களின் விதிகள் மாறும்போது அவற்றைப் பார்த்து மகிழ்வோர் ஏன் மனம் கலங்குகின்றனர் என்பதைச் சற்று ஆராய்வோம்.

நாம் சிறுவராக இருந்தபோது கோடை விடுமுறைக்கு ஜோலார்பேட்டைக்கு அருகிலுள்ள தந்தையாரின் ஊருக்குச் செல்வது வழக்கம். மாலையில் ஏரிக்கரை மணலில் சடுகுடு நடக்கும். காலால் கிழித்த கோடே எல்லைக்கோடு. பாடிச் செல்பவன் மூச்சு விடாமல் பாட வேண்டும். மூச்சு அறுந்தால் ஆட்டம் இழந்தான். கடிகாரம் கிடையாது. மூச்சே கடிகாரம். விடுமுறை முடிந்து ஜீவனஹள்ளிக்குத் திரும்பி, இங்கு அப்போதிருந்த காலி மனைகளில் ஆடினால் விதி வேறாக இருக்கும். அங்கே பிடிபட்டவன் தன் கட்சி ஓர் ஆளை வீழ்த்தினால் மீண்டும் உள்ளே வருவான். இங்கே வெளியே போனவன் போனவனே. ஆயினும் சண்டை வந்ததில்லை. ஏனெனில் ஆடத் தொடங்குமுன் பெரிய பையன் ஒருவன், "இன்று எழுப்புவது உண்டு" அல்லது "இன்று எழுப்புவது இல்லை" என்று உரக்கச் சொல்லிவிடுவான். இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

சடுகுடு நம் முன்னோர் ஆடியவாறே மாறாமல் வந்த ஆட்டம் என்று பெரியோர் சிலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. மராட்டிய நாட்டிலும் குஜராத்திலும் ஆர்வலர் கூடி, ஊருக்கு ஊர் வேறுபட்ட வழக்கங்களை ஒழுங்கு செய்தனர். 1923-ஆம் ஆண்டில் பரோடாவில் விதிகள் அச்சாயின. வெளியேறியவர் மீண்டும் உயிர்பெற்று எழும் ஆட்டத்திற்குச் சஞ்சீவனி என்றும், எழாத ஆட்டத்திற்குக் காமினி என்றும், வெளியேறாமலே புள்ளி மட்டும் எண்ணும் ஆட்டத்திற்கு அமர் என்றும் பெயர் வழங்கின. இவற்றுள் சஞ்சீவனி முறையே பெரும்பாலும் நிலைத்தது. 1950-இல் அனைத்திந்தியக் கூட்டமைப்பு அமைந்தது. 1990-இல் பெய்ஜிங் நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் கபடி இடம்பெற்று, இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. ஆகவே நாம் பழைய விதி என்று போற்றுவதும் ஒரு காலத்தில் எவரோ சிலர் கூடி மாற்றிய விதியே. ஏரிக்கரையில் எழுப்புவது இல்லை என்று ஆடிய கிழவர் ஒருவர் அன்றும் முணுமுணுத்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

இனி நம் காலத்திற்கு வருவோம். 2014-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தொழில்முறைக் கபடிப் போட்டி தொடங்கியது. மண் போய் மெத்தை விரிப்பு வந்தது. வண்ண விளக்குகள் வந்தன. அவற்றோடு புதிய விதிகளும் வந்தன. பாடிச் செல்பவர் முப்பது நொடிக்குள் திரும்ப வேண்டும். ஒரு கட்சி அடுத்தடுத்து இரு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும்; இல்லையேல் சென்றவர் வெளியேற வேண்டும். மூவரோ அதற்குக் குறைந்தவரோ நின்று பிடித்தால் அவர்களுக்கு ஒரு புள்ளி கூடுதல்.

அந்த முதல் ஆண்டில் காலஞ்சென்ற நம் தந்தையாரும் நம் மகனும் ஒரே பாயில் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்தனர். தந்தையார் பத்து நிமிடங்களில் எழுந்துவிட்டார். "மூச்சு இருக்கும்போது மணி எதற்கடா? முப்பது நொடி யார் வேண்டுமானாலும் பாடுவான். ஒரு மூச்சில் மூன்று ஆளைத் தொட்டுவிட்டு வந்தவனை நீ பார்த்திருக்கின்றாயா?" என்று பேரனைக் கேட்டார். பேரனோ, "தாத்தா, சும்மா போய்ச் சும்மா வந்தால் பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது?" என்றான். நாம் இருவருக்கும் நடுவில் தேநீர்க் குவளையுடன் நின்றோம்.

நெடுநாள் கழித்தே ஒன்று விளங்கிற்று. தந்தையார் தம் இளமையில் மிகுதியாக வெறுத்தது எதை? முன்னணியில் இருக்கும் கட்சி, நடுக்கோட்டருகே இரண்டு அடி வைத்துப் பாடிவிட்டுத் திரும்பி, காலத்தைக் கடத்துவதை. அத்தகைய ஆட்டக்காரரைக் கோழை என்று அவர் ஏசியதை நாம் பலமுறை கேட்டதுண்டு. மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும் என்ற புதிய விதி அந்தக் கோழைத்தனத்திற்கே முற்றுப்புள்ளி வைத்தது. பேரன் விரும்பியதும் அதுவே. பாட்டன் கேட்ட நீதியைப் பேரன் காலத்து விதி வழங்கிற்று. ஆயினும் முப்பது நொடி மணியோசையில் பாட்டனுக்கு அது கேட்கவில்லை. மூச்சின் பெருமை குறைந்தது என்ற அவர் வருத்தமும் பொய்யன்று. ஒரே மாற்றத்தில் வரவும் உண்டு, இழப்பும் உண்டு.

கடல் கடந்த நாட்டிலும் இதுவே நிலை. அமெரிக்கர் தம் நாட்டில் ஆடும் கால்பந்து நாம் அறிந்த கால்பந்தன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் அணிந்து, ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் ஆட்டம் அது. 1905-இல் அவ்வாட்டத்தில் இளைஞர் பலர் உயிரிழந்தனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட்டே கல்லூரிகளின் சார்பாளரை அழைத்துப் பேசும்படி ஆயிற்று. மறு ஆண்டில் பந்தை முன்னோக்கி எறிவதற்கு விதி இடந்தந்தது. இன்று அவ்வாட்டத்தின் உயிரே அந்த எறிதல்தான்.

அங்கே நடந்த இரண்டு அண்மை மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள், நியூ ஆர்லியன்ஸ் நகரில், தொழில்முறை அணிகளின் முதன்மைப் போட்டிக்கு முந்தைய ஆட்டம் நடந்தது. பந்து வந்து சேருமுன்னரே எதிரணியார் ஒருவர் உள்ளூர் ஆட்டக்காரர்மீது மோதினார். நடுவர் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. உள்ளூர் அணி தோற்றது. மக்கள் கொதித்தெழுந்தனர், நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தனர். அந்தக் கொதிப்பின் விளைவாக, அத்தகைய மோதலை ஒளிப்படத்தில் மீண்டும் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தலாம் என்று விதி செய்தனர். அது ஓராண்டே நின்றது. 2020-இல் கைவிடப்பட்டது.

மற்றொன்று, 2024-இல் ஆட்டத்தின் தொடக்க உதையை மாற்றியது. இரு பக்கத்தாரும் நெடுந்தூரம் ஓடிவந்து மோதுவதால் தலையிலும் கழுத்திலும் காயம் மிகுந்தது. ஆகவே உதைப்பவர் நீங்கலாக இரு பக்கத்தாரையும் அருகருகே நிறுத்தி, பந்து தரையைத் தொடும்வரை அல்லது எதிரணியார் அதைப் பிடிக்கும்வரை பெரும்பாலோர் அசையலாகாது என்றனர். பழைய ஓட்டத்தின் வேகமும் அழகும் போயின என்று வருந்தியோர் அங்கும் உண்டு. எனினும் ஓராண்டுச் சோதனைக்குப் பின் 2025-இல் அவ்விதி நிலையாயிற்று. சினத்தில் பிறந்த விதி ஓராண்டில் மறைந்தது. ஆடுவோர் உடலைக் காக்கப் பிறந்த விதி, பார்ப்போர் முகம் சுளித்தபோதும் நின்றது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சின்னசாமி அரங்கையே எடுத்துக்கொள்வோம். 2023-இல் ஐ.பி.எல். போட்டிகளில் இம்பாக்ட் பிளேயர் என்னும் விதி வந்தது. பதினொருவரில் ஒருவரை ஆட்டத்தின் நடுவே நீக்கி, வெளியில் இருக்கும் ஒருவரைச் சேர்க்கலாம் என்பது அதன் சாரம். 2024 ஏப்பிரல் 15 அன்று ஐதராபாத் அணி பெங்களூரு அணிக்கு எதிராக அங்கே 287 ஓட்டங்கள் குவித்தது. சிறுவர்கள் துள்ளினர், பந்து வீசுவோரை எண்ணிப் பெரியவர்கள் இரங்கினர். இவ்விதியால் பந்தும் மட்டையும் ஒருங்கே பயின்றவரின் வளர்ச்சி குன்றும் என்று ரோகித் சர்மா போன்ற முன்னணி ஆட்டக்காரரே வெளிப்படையாகக் கூறினார். பார்ப்போரின் குறை எல்லாம் அறியாமை என்று தள்ளிவிட இயலாது என்பதற்கு இது சான்று.

ஆகவே, விதி மாறுவதே தீது என்பதும் பிழை. மாறியதெல்லாம் வளர்ச்சி என்பதும் பிழை. இம்மாற்றம் யாருடைய நலத்திற்கு என்று பார்ப்போர் கேட்பது அவர் உரிமை. ஆனால் நம் காலனியில் எழுந்த வழக்கு இதனினும் எளியது, இதனினும் பெரியது. அதை விளக்கச் சீனத்து ஆங்சோ நகருக்குச் செல்ல வேண்டும்.

2023 அக்டோபர் 7. ஆசிய விளையாட்டின் ஆடவர் கபடி இறுதிப் போட்டி. இந்தியாவும் ஈரானும் 28-க்கு 28 என்று சமமாக நின்றன. ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தது. நம் பெங்களூரு அணியில் ஆடிப் புகழ் பெற்ற பவன் செராவத், புள்ளி எடுத்தே தீர வேண்டிய பாடலுக்குச் சென்றார். களத்தின் இரு பக்கங்களிலும் லாபி எனப்படும் ஒரு மீட்டர் அகலப் பட்டை உண்டு. எதிரியைத் தொடுமுன் அதில் கால் வைக்கலாகாது. பவன் எவரையும் தொடாமலே அப்பட்டைக்குள் சென்றார். ஈரானியர் சிலரும் அவரைத் தொடர்ந்து அதனுள் புகுந்தனர். பழைய விதிப்படி தொடர்ந்து சென்றவரும் வெளியேற வேண்டும். தொழில்முறைப் போட்டியில் வழங்கிய புதிய விதிப்படி பாடிச் சென்றவர் மட்டுமே வெளியேற வேண்டும். அன்று எந்த விதி? இந்தியர் ஒன்றைக் காட்டினர். ஈரானியர் மற்றொன்றைக் காட்டினர். தீர்ப்பு மாறி மாறி வந்தது. வீரர்கள் களத்திலேயே அமர்ந்துவிட்டனர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. இறுதியில் இந்தியா 33-க்கு 29 என்ற கணக்கில் வென்றது. தங்கம் நமக்கே. ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தை எண்ணும்போது முழு மகிழ்ச்சியோடு கைதட்ட முடிந்ததா? நம்மால் முடியவில்லை.

நிற்க. நம் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தர அனுமதிக்க வேண்டுகின்றோம். இரயில்வே விதிப்புத்தகங்களில் ஒரு விதி மாறினால், எண்ணும் நாளும் குறித்த திருத்தச் சீட்டு ஒன்று வரும். அதை உரிய பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். எந்த நாள் முதல் என்பதே அதன் உயிர்நிலை. 2024 நவம்பர் முதல் நாள் தொட்டு, முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பொங்கலுக்கு ஊர் செல்ல நான்கு திங்கள் முன்பே திட்டமிடும் நம் குடும்பங்கள் மிகவும் வருந்தின. சாளரத்தின் முன் நின்று நம்மைக் கடிந்துகொண்டோரும் உண்டு. ஆனால், "நேற்று வாங்கிய சீட்டு இன்று செல்லாதோ?" என்ற கேள்விக்கு மட்டும் நாம் தலை நிமிர்ந்து விடை சொன்னோம்: செல்லும். அக்டோபர் 31 வரை பதிந்தவை எல்லாம் பழைய விதிப்படியே நிலைக்கும் என்று அறிவிப்பிலேயே கண்டிருந்தது. கடிந்துகொண்டவர்களும் அந்த விடைக்குப் பின் அமைதியாயினர். புதிய விதி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் தாம் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் அவர்களுக்கு எழவில்லை.

இப்போது நம் வழக்கிற்கு வருவோம். சென்ற ஆண்டு சிறுவர் இறுதிப் போட்டியில் இரு கட்சியும் சமமாக நின்றன. ஒரு சிறுவன் பாடிச் சென்று, எவரையும் தொடாமல் பக்கக் கோட்டைத் தாண்டினான். அவனைத் துரத்திய மூவரும் தாண்டினர். நாம் ஊதலை ஊதி நால்வரையும் வெளியேற்றினோம். நாம் ஆடிய காலத்தில் கோட்டைத் தாண்டியவன் எவனாயினும் வெளியே. அம்மூவரில் ஒருவன், பதின்மூன்று வயதுப் பிள்ளை, நம்மிடம் வந்து, "ஐயா, அந்த விதி போய்விட்டது. பாடி வந்தவன் மட்டும்தான் வெளியே" என்று மெல்லச் சொன்னான். ஆங்சோவில் எழுந்த அதே கேள்வி, நம் காலனி மைதானத்தில், சுண்ணாம்புக் கோட்டருகே எழுந்தது.

அப்போது நாம் செய்ததை இவ்வவையில் மறைக்கப் போவதில்லை. புதிய விதி ஒன்று உண்டு என்பதை நாம் செய்தித்தாளில் படித்திருந்தோம். அவன் சொல்வதில் பொருள் உண்டு என்பதும் தெரிந்தது. ஆயினும் ஊர் கூடிப் பார்க்க, ஒரு சிறுவன் சொல்லி நடுவர் தீர்ப்பை மாற்றுவதா என்ற செருக்கு நம் நாவில் ஏறிற்று. "இது சங்கத்து ஆட்டம்; தொலைக்காட்சி ஆட்டமன்று. போய் வெளியே நில்" என்றோம். அவன் கட்சி இரண்டு புள்ளியில் தோற்றது. பரிசளிப்புக்கு அவன் வரவில்லை. ஞாயிறு தோறும் இதே மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்பிற்கும் அதன் பின் அவன் வரவில்லை. முதல் இரு வாரங்களில் தேர்வு இருக்கும் என்று எண்ணினோம். இரண்டு திங்கள் சென்றபின் அவ்வாறு எண்ண இயலவில்லை. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளை. தமிழ் எழுத்தைக் கற்க அவனுக்கு இந்த வகுப்பை விட்டால் வேறிடமில்லை. நம் ஓர் ஊதலால் அது நின்றது.

ஒரு மாலை அவன் வீட்டிற்குச் சென்றோம். அவன் பாட்டியார் மோர் தந்தார். நாம் அவனிடம், "தம்பி, நீ சொன்ன விதியே சரியாக இருக்கலாம். நாம் கேட்டிருக்க வேண்டும்" என்றோம். அவன் தலை குனிந்தவாறே சொன்னான்: "எது சரி என்று நான் கேட்கவில்லை, ஐயா. உங்கள் விதி என்றால் உங்கள் விதியாகவே இருக்கட்டும். முன்னமே சொல்லியிருந்தால் நாங்கள் மூவரும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றிருப்போம்."

விடை கூற நமக்கு வாய் எழவில்லை. ஏரிக்கரையில் பெரிய பையன் உரக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. கையெழுத்து மட்டுமே அறிந்த அந்தப் பையனுக்குத் தெரிந்த முறை, இருபது ஆண்டு திருத்தச் சீட்டு ஒட்டிய நமக்குத் தெரியாமல் போயிற்று.

பெரியோர்களே! நாம் சொல்ல வந்தது இவ்வளவே. விதி மாறும்போது பார்ப்போருக்கும் ஆடுவோருக்கும் வரும் வருத்தம் காலப்போக்கில் ஆறும். தந்தையார்கூட அடுத்த ஆண்டு அதே பாயில் வந்து அமர்ந்தார். ஆனால் எந்த விதியில் ஆடுகின்றோம் என்று சொல்லாமல் ஆடவிட்டு, பின்பு தண்டித்தால் வரும் புண் ஆறுவதில்லை. அது நம் பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து மட்டுமன்று, சங்கத்திலிருந்தும் தமிழிலிருந்தும் விலக்கிவிடும். பிறந்த மண்ணின் அணிக்கும் புகுந்த மண்ணின் அணிக்கும் ஒரே வீட்டில் கைதட்டும் குடும்பங்கள் நாம். எவர் வென்றாலும் நம் பிள்ளைகள் ஒரே மைதானத்திற்குத் திரும்ப வர வேண்டும்.

இன்று மாலை நான்கு மணிக்குப் போட்டி. அறிவிப்புப் பலகையில் இவ்வாண்டின் விதிகள் பத்தும் தமிழில் எழுதி ஒட்டப்பட்டுள்ளன. முப்பது நொடி உண்டு, எழுப்புவது உண்டு, பக்கக் கோட்டைத் தொடாமல் தாண்டினால் பாடி வந்தவர் மட்டுமே வெளியே. செயற்குழுவில் பெரியோர் சிலர் முப்பது நொடியை ஏற்கவில்லை. வாக்கெடுத்தே முடிவு செய்தோம். அடுத்த ஆண்டு மாற்ற விரும்புவோர் பொதுக்குழுவில் பேசலாம். ஆட்டத்தின் நடுவே அன்று. அந்தத் தாளைத் தம் கையால் எழுதியவன் அதே பிள்ளை. இரண்டு இடங்களில் றகரமும் ரகரமும் மாறியுள்ளன; நாம் திருத்தவில்லை. சென்ற திங்கள் முதல் வகுப்பிற்கு வருகின்றான். அவனே திருத்திக்கொள்வான். மாலையில் ஆடுவானா என்று நாம் கேட்கவில்லை. அது அவன் விருப்பம்.

நடுவராக நிற்கும் பொறுப்பை இவ்வாண்டும் நமக்கே அளித்துள்ளனர். ஊதலை ஊதுமுன் பலகையிலுள்ள பத்து விதிகளையும் உரக்கப் படிப்போம். பெற்றோர்கள் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து, அதைக் கேட்டு அமருமாறு வேண்டுகின்றோம்.